விருந்தாளிக்காக நிரப்பிய தாங்கி

நாவலடிமுறிப்பு,
09.03.2025

அன்புள்ள மருமகன் ஜனார்த்தனனுக்கு,

மாமி நேசமலர் எழுதுகிறேன். நானும் மகள் சிவரூபியும் பேத்தி யதுர்ஷிகாவும் கடவுள் விட்ட அளவில் சுகம். என் முழங்கால் மட்டும் ஒருவர் சொல்லும் கேட்காது. வவுனியாவில் நீயும் பெண்சாதி பிள்ளைகளும் என்ன பாடு என்று அறிய விருப்பம்.

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் சொன்னால் "ஓம் மாமி, பாப்பம் மாமி" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

மாசி மாதம் உங்கள் கல்வி அலுவலக வாகனம் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்தது. நீ முன்னுக்கு இருந்தாய். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் உள்ள என் வீட்டு வாசல் படலையைத் தாண்டிப் போனீர்கள், அதே வழியால் திரும்பியும் போனீர்கள். உன் அப்பா, என் தம்பி, என் மனுசன் செத்த எட்டாம் நாள் செலவுக்கு வராமல் முள்ளியவளைச் சந்தியோடு திரும்பிப் போனவர். அதையும் நான் மறக்கவில்லை. அது கிடக்கட்டும்.

ஆறாம் வகுப்பிலிருந்து மேலே உள்ள வகுப்புகளை இங்கே நிறுத்தப் போகிறார்களாம். பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம், முள்ளியவளைக்குப் போய்ப் படிக்கட்டுமாம். காலையில் இங்கிருந்து பஸ் இல்லை. காட்டு வீதியில் யானை நிற்கும். யதுர்ஷிகா எட்டாம் வகுப்பு. இங்கே வகுப்பு நின்றால் அவள் படிப்பும் நின்றது என்று சிவரூபி சொல்லிவிட்டாள். தகப்பன் இல்லாத பிள்ளையை அந்த வழியால் அனுப்ப அவளுக்குத் துணிவில்லை.

பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வைகாசி கடந்தால் பள்ளிக்கூடக் கிணறு வற்றும். மலசலகூடத்தைப் பூட்டிவிடுவார்கள். பெரிய பெண் பிள்ளைகள் எங்கே போவது? வீட்டில் நிற்பார்கள். வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை வேறு இடத்தில் விட்டுப் படிப்பிக்கிறார்கள்.

மாசியில் நீங்கள் பார்த்தது வேறு. நீங்கள் வருகிறீர்கள் என்று அபிவிருத்திச் சங்கத் தலைவர் கணபதி உழவு இயந்திரத்தில் தண்ணீர்ப் பவுசர் பூட்டிப் பள்ளிக்கூடத் தண்ணீர்த் தாங்கியை முட்ட நிரப்பினார். மாரி பொய்த்ததால் அப்போதே கிணற்றில் சேறுதான். கோயில் மடத்துக் கதிரைகள் எல்லாம் பிள்ளைகள் இருக்க வகுப்புக்குள் வந்தன. வருகிற ஆட்களுக்குக் குறை காட்டக் கூடாதாம். நீங்கள் போனதும் கதிரைகள் கோயிலுக்குத் திரும்பிவிட்டன.

இதை உன் அலுவலகத்தில் சொல்லு. பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பாவின் அக்கா
நேசமலர்


வவுனியா,
28.03.2025

அன்புள்ள மாமிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நல்ல சுகம். உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறேன். பிரஷர் குளிசையை விடாமல் போடுங்கள்.

பள்ளிக்கூட விடயம். எந்தப் பாடசாலைக்கு என்ன செய்வது என்பதை நாங்கள் மனம் போனபடி முடிவெடுப்பதில்லை. தண்ணீர், மலசலகூடம், தளபாடம், ஆசிரியர், பிள்ளைகள் என்று ஒவ்வொன்றையும் பதிந்து, பாடசாலைகளை ஒப்பிட்டுத்தான் திட்டம் போடுகிறோம். உங்கள் பாடசாலைக்கு எல்லா வசதியும் உண்டு என்றே பதிவில் இருக்கிறது. வசதி இருந்தும் பிள்ளைகள் குறைகிறார்கள் என்றால், அங்கே மேல் வகுப்புகளுக்குத் தேவை இல்லை என்றுதான் மேலிடம் எடுத்துக்கொள்ளும். தண்ணீர் இல்லாத வேறு பாடசாலைகள் எத்தனையோ காத்திருக்கின்றன.

அதிபர் தன் கைப்பட எழுதி வலயக் கல்வி அலுவலகத்தின் ஊடாக அனுப்பினால் நாங்கள் கவனிக்கலாம். தனியாள் எழுதும் கடிதத்துக்கு அலுவலகத்தில் பெறுமதி இல்லை. இதைத் தவறாக எடுக்க வேண்டாம்.

சிவரூபி அக்காவையும் யதுர்ஷிகாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஜனார்த்தனன்


நாவலடிமுறிப்பு,
20.04.2025

அன்புள்ள மருமகனுக்கு,

வருசப் பிறப்பு வந்து போய்விட்டது. பொங்கினோம், கைவிசேசம் கொடுத்தோம், ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. உங்கள் வீட்டிலும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன். எண்ணெய் வரவில்லை.

என் படலையைத் தாண்டிப் போனதைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. கவனித்தேன்.

அதிபர் யோகலிங்கத்திடம் போனேன். நல்ல மனிதர், கணக்குப் பாடத்தைக் கதை போலச் சொல்லிக் கொடுப்பார் என்று யதுர்ஷிகா சொல்வாள். கதிரை தந்து இருக்க வைத்தார். கேட்டதும் முகம் மாறியது. மாசியில் எல்லாம் இருக்கிறது என்று காட்டியவர் சித்திரையில் ஒன்றும் இல்லை என்று எப்படி எழுதுவார்?

"ஆச்சி, நான் இல்லையெண்டு எழுதினா, அண்டைக்கு ஏன் இருக்குதெண்டு காட்டினனீர் எண்டு என்னைத்தானே பிடிப்பினம். ஓய்வு பெற இன்னும் கொஞ்சக் காலம் கிடக்கு. என்னை விடுங்கோ" என்றார்.

பிறகு கணபதியிடம் போனேன். அரசாங்கம் காணி அளந்து கொடுத்த காணிக் கச்சேரி நேரம் வேலியை என் காணிக்குள் நகர்த்தியவர் அவர், அவருடைய முற்றத்தில் நான் கால் வைத்துக் கனகாலம். பேத்திக்காகப் போனேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டார்.

"பொம்பிளை பாக்க வாறவைக்குக் கிழிஞ்ச பாயையோ விரிக்கிறது? எங்கட ஓட்டைச் சட்டியைக் காட்டினா நாளைக்கு ஊரையே நக்கலடிப்பாங்கள்."

"அவை பொம்பிளை பாக்க வரேல்லை கணபதி. நோயாளியைப் பாக்க வந்தவை. நீ காய்ச்சல்காரிக்குப் பவுடர் பூசி விட்டனீ" என்றேன். எழும்பி உள்ளே போய்விட்டார்.

இந்த ஊரின் பழக்கம் உனக்குத் தெரியாததல்ல. இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே இருந்தபோதும் வந்த ஆளுக்குத் தேத்தண்ணீர் கொடுக்காமல் விடவில்லை. உங்கள் திட்டத்துக்கு இந்தப் பழக்கம் பொருந்தாது என்று அன்றைக்கு ஒருவரும் யோசிக்கவில்லை.

நீ ஆனி, ஆடியில் வா. வருவதை ஒருவருக்கும் சொல்லாதே.

இப்படிக்கு,
மாமி


வவுனியா,
02.06.2025

அன்புள்ள மாமிக்கு,

பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும். சின்னவளுக்கு உடம்பெல்லாம் கொப்புளமாக அம்மாள் வருத்தம் வந்து இப்போதுதான் தண்ணீர் வார்த்தோம். மற்றும்படி சுகம்.

முன்னறிவித்தல் இல்லாமல் பாடசாலைக்குப் போக எங்களுக்கு அனுமதி இல்லை. திகதியை அதிபருக்குக் கடிதத்தில் அறிவிக்க வேண்டும். தவிர, பார்வையிடும் வேலையை ஆண்டின் தொடக்கத்திலேயே முடித்துவிடுவோம். அப்போதுதான் எரிபொருள் ஒதுக்கீடு இருக்கும், அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கும் விபரம் வேண்டும். கோடையில் போவது வழக்கம் இல்லை.

மேல் வகுப்புகளை நிறுத்தும் முடிவு புரட்டாதியில் நடக்கும் கூட்டத்தில் எடுக்கப்படும். அதற்கு முன் ஒரு இறுதிப் பார்வையிடல் இருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

எண்ணெய்ப் போத்தலை இந்தக் கடிதத்தோடு பஸ் சாரதியிடம் கொடுத்திருக்கிறேன். முள்ளியவளைச் சந்திக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஜனார்த்தனன்


நாவலடிமுறிப்பு,
15.06.2025

மருமகனுக்கு,

சின்னவள் எழும்பி நடக்கிறாளா? வேப்பிலையை இன்னும் சில நாள் படுக்கையில் போடச் சொல்லு. எண்ணெய் கிடைத்தது. மணம் பரவாயில்லை, முழங்கால் பழையபடிதான்.

கிணறு வற்றிவிட்டது. மலசலகூடத்துக்குப் பூட்டுப் போட்டாயிற்று, திறப்பு அதிபரின் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. இந்தக் கிழமை முழுக்க யதுர்ஷிகா பள்ளிக்கூடம் போகவில்லை. காரணம் உனக்கு எழுதத் தேவையில்லை, உனக்கும் பெண் பிள்ளை இருக்கிறாள். பாடத்தை யாரிடமாவது வாங்கி எழுதுகிறாள். போன வருசமும் இப்படித்தான் விட்டு விட்டுப் போனாள். அவள் வகுப்பில் பின்னுக்குப் போன பிறகு, படிப்பு ஏறாத பிள்ளை என்று சொல்லுவார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். உண்மையில் உன் அப்பா பிறந்தார், அவரைத் தூக்கிவைத்திருக்க ஆள் வேண்டும் என்று என்னை மறித்தார்கள். அவர் படித்தார். நீயும் படித்தாய்.

இன்னொன்று. மாசியில் நீங்கள் வந்த அன்று பவுசர் நிரப்பிவிட்டுப் போய்க் கொஞ்ச நேரந்தான். தாங்கிக்குக் கீழே மண் சதசதவென்று கிடந்தது. பக்கத்தில் உழவு இயந்திரச் சில்லின் தடம். நீ அதில் காலை வைத்து, சப்பாத்தைப் புல்லில் துடைத்ததை நான் வேலிக்குள்ளால் பார்த்தேன். மழை பெய்யாத நாள் அது.

நான் வேறொன்றும் கேட்கவில்லை.

நேசமலர்


நாவலடிமுறிப்பு,
13.07.2025

மருமகனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. சுகவீனமோ, கோபமோ தெரியாது. கோபம் என்றால் அது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உள்ளது, அதனால் ஆள் சாவதில்லை.

அதிபருக்குக் கடிதம் வந்திருக்கிறது. இந்த மாதம் முப்பதாம் திகதி புதன்கிழமை இறுதிப் பார்வையிடல் என்று. அதை நீ அனுப்பினாயோ வேறு யார் அனுப்பினார்களோ நான் கேட்கவில்லை. கணபதி வேலை தொடங்கிவிட்டார். பவுசருக்குச் சொல்லியாயிற்று. முதல் நாள் பின்னேரம் தாங்கி நிரம்பும், கதிரைகளும் அப்போது வரும், மலசலகூடத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். உங்களுக்கு ஊர்க்கோழி அடித்துச் சமைக்க நாலு வீட்டைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். சிவரூபிக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி.

புதன்கிழமை நீங்கள் வந்தால் எல்லாம் இருக்கும். பால்கறியும் இருக்கும். யதுர்ஷிகாவுக்குப் பள்ளிக்கூடம் இருக்காது.

செவ்வாய்க்கிழமை காலமை ஒன்றும் இருக்காது.

இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியாது.

மாமி


வவுனியா,
17.07.2025

அன்புள்ள மாமிக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம், சின்னவள் ஓடித் திரிகிறாள்.

குறிப்பிட்ட திகதியை ஒட்டி நாங்கள் வருவோம். கோடையில் போவதற்கு விசேட அனுமதி கேட்டு எடுத்திருக்கிறேன். ஒரே வாகனம் பல வேலைக்கும் ஓடுவதால் நாள் முன்பின் ஆகலாம்.

இதை வீட்டில் கதைக்க வேண்டாம்.

அன்புடன்,
ஜனார்த்தனன்


நாவலடிமுறிப்பு,
03.08.2025

அன்புள்ள மருமகனுக்கு,

இங்கே மூவரும் சுகம். நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் நீ என் படலைக்கு வெளியில் நின்றதால் சிலதைப் பார்த்திருக்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய் காலமை வாகனம் வந்தபோது கணபதி குளத்தடியில் பவுசர்காரனோடு நின்றிருக்கிறார். ஆள் ஓடிப் போய்ச் சொல்ல, சாரத்தை மடித்துக் கட்டியபடியே சைக்கிளில் வந்தார். அதற்குள் நீங்கள் வகுப்புக்குள் போய்விட்டீர்கள். பிள்ளைகள் ஒரு கதிரையில் இரண்டு பேராக இருந்ததைப் பார்த்தீர்கள். எட்டாம் வகுப்பில் ஆண் பிள்ளைகள்தான் இருந்தார்கள் என்று யாரோ எழுதிக்கொண்டதாகச் சொன்னார்கள்.

உன்னோடு வந்த பெரிய அதிகாரி, இராசமலர் மிஸ், நெடுந்தூரம் வாகனத்தில் வந்தவர். அவருக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. அதிபர் லாச்சியைத் திறந்து மலசலகூடத் திறப்பை எடுத்தாராம், திரும்ப உள்ளே வைத்தாராம், பிறகும் எடுத்தாராம். கடைசியில் ஆசிரியை ஒருவர் மிஸ்ஸை வீதியைக் கடந்து என் வீட்டுக்குக் கூட்டி வந்தார். நான் கிணற்றில் அள்ளி ஒரு வாளி தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். என் கிணறு ஆழம், சேறும் தண்ணீருமாக இன்னும் கொஞ்சம் வருகிறது. மிஸ் வெளியே வந்து கையைக் கழுவியபடி குசினிப் பக்கம் பார்த்தார். அங்கே யதுர்ஷிகா பள்ளிக்கூட நேரத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் பிள்ளை ஸ்கூலுக்குப் போகேல்லை?" என்று கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்கள் இஞ்ச வரலாம் மிஸ். எல்லாப் பிள்ளையளும் வந்தா அம்மம்மான்ர கிணறு காணாது" என்றாள். நான் சொல்லிக் கொடுத்ததல்ல. மிஸ் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். தேத்தண்ணீர் வேண்டாம் என்றார், பிறகு குடித்தார்.

நீ படலைக்கு வெளியே நின்றாய். "உள்ளே வா" என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால், நான்தான் வரச் சொன்னது என்று ஊர் அப்போதே கண்டுபிடித்திருக்கும்.

மிஸ் திரும்பிப் போய் முற்றத்தில் எல்லோரும் நிற்க அதிபரைக் கேட்டார். நானும் வேலியடியில் நின்றேன். மாசியில் தாங்கியில் தண்ணீர் இருந்ததாகப் பதிந்திருக்கிறதே, எங்கே அந்தத் தண்ணீர் என்றார். யோகலிங்கம் மாஸ்டர் வேர்த்து ஊற்றிக்கொண்டு நின்றார். பாவம், பொய் சொல்ல நினைத்து அந்த மனிதர் சொன்னது இதுதான்:

"நீங்கள் நாளைக்கெல்லோ வாறதெண்டது மிஸ். நாளைக்கு வந்திருந்தா தண்ணி இருந்திருக்கும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மிஸ் கையிலிருந்த தாளைப் பார்த்தார், பிறகு உன்னைப் பார்த்தார். நீ நிலத்தைப் பார்த்தாய்.

நீங்கள் சாப்பிடாமல் போனதுதான் ஊருக்குப் பெரிய கோபம். அடிக்க வைத்திருந்த கோழிகளைக் கணபதி அவிழ்த்து விட்டார். "வாகனம் திகதி மாறி வராது, ஆரோ உள்ளுக்க இருந்து எழுதிப் போட்டிருக்கு" என்று கடையில் நின்று சொல்லியிருக்கிறார். தபால்காரன் என் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? அதற்கும் நான் ஆயத்தம்.

முடிவு என்ன என்று எழுது.

இப்படிக்கு,
மாமி நேசமலர்


வவுனியா,
18.09.2025

அன்புள்ள மாமிக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அக்காவும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

கூட்டம் முடிந்தது. உங்கள் பாடசாலையின் மேல் வகுப்புகளை நிறுத்துவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. அடுத்த ஆண்டுத் திட்டத்தில் ஆழ்துளைக் கிணறு, தாங்கி, பெண் பிள்ளைகளுக்குப் புதிய மலசலகூடம் ஆகியவை சேர்க்கப்பட்டுள்ளன. அதுவரைக்கும் வற்றும் மாதங்களில் பவுசர் தண்ணீர் தரப்படும். குளத்தை நம்பிய கிணறு உள்ள எல்லாப் பாடசாலைகளையும் இனிமேல் மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை பார்ப்பது, கோடைப் பதிவையே கணக்கில் எடுப்பது என்றும் தீர்மானித்திருக்கிறார்கள். இராசமலர் மிஸ் அதில் பிடிவாதமாக நின்றார்.

அதிபரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. அவருக்கு இடமாற்றம். பரந்தன் பக்கம் உள்ளுக்குள் ஒரு பாடசாலை. ஓய்வூதியத்துக்குப் பாதிப்பு இல்லை.

இனிமேல் எனக்கு வீட்டு முகவரிக்கு எழுதுங்கள். நான் இப்போது திட்டமிடல் பிரிவில் இல்லை. பாடநூல் களஞ்சியத்தில் இருக்கிறேன். வேலை குறைவு, நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

யதுர்ஷிகாவை விடாமல் படிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஜனார்த்தனன்


நாவலடிமுறிப்பு,
19.10.2025

அன்புள்ள மகன் ஜனார்த்தனனுக்கு,

மழை தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் தும்மலும் தடிமனும், பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டிலும் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள்.

யதுர்ஷிகா போகிறாள். மழை தொடங்கும் வரைக்கும் பவுசர் வந்தது, ஒரு நாளும் நிற்கவில்லை. வேறு இடத்தில் விட்டிருந்த பிள்ளைகளில் சிலரைத் திரும்பக் கொண்டுவரக் கதைக்கிறார்கள்.

ஊர் என்னோடு கதைப்பதில்லை. பிள்ளையார் கோயில் பூசைக்கு எங்கள் வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. ஊரைக் காட்டிக் கொடுத்தவளாம். நல்ல அதிபரை ஊரை விட்டுத் துரத்திக் கலைத்தவளாம். கலைத்தவள் என்பது சரிதான், அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. கணபதி வீதியில் கண்டால் சைக்கிளால் இறங்கி மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு இது பழக்கம். ஆட்களோடு கதைக்காமல் இருப்பதில் இந்த ஊருக்கே நான் படிப்பிப்பேன்.

நீ களஞ்சியத்துக்கு ஏன் போனாய் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

போன கிழமை யோகலிங்கம் மாஸ்டர் வந்தார். புதிய பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டு, மிச்சச் சாமானை எடுக்க வந்தவர். படலையைத் திறந்துகொண்டு வருவதைக் கண்டதும், ஏச வருகிறார் என்று நினைத்தேன். ஏசட்டும் என்று கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை. நனைந்த குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார்:

"ஆச்சி, அங்கயும் கிணறு உப்பு. கோடையில மாடும் வாய் வைக்காதாம். அந்த ஊர்ச்சனமும் இப்பவே என்னட்டை வந்து, ஆக்கள் வரேக்க நல்ல தண்ணி வைப்பம் சேர் எண்டு சொல்லுதுகள். நான் வேண்டாமெண்டிட்டன். உங்கட மருமகனுக்கு ஒரு சொல் எழுதுங்கோ. ஆவணியில வரட்டும். திகதி அறிவிக்கத் தேவையில்லை."

நீ இப்போது அந்தப் பிரிவில் இல்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. ஓம் எழுதுகிறேன் என்றேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

உன் கதிரையில் இப்போது யார் இருக்கிறார்? பெயரையும் முகவரியையும் உடனே எழுதி அனுப்பு. அவர் எனக்கு உறவில்லை என்பது தெரியும். அதற்குத் தக்கபடி மரியாதையாகத் தொடங்குவேன்.

பாடநூல்களைக் கறையான் அரிக்காமல் பார்த்துக்கொள். பிள்ளைகளை ஒருமுறை கூட்டிக்கொண்டு வா. வந்தால் படலைக்கு வெளியே நிற்காதே.

இப்படிக்கு,
மாமி நேசமலர்